எண்ணும் முகமும்

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் எங்கள் வரலாற்று மன்றத்தின் சார்பில் சிறு கண்காட்சி ஒன்று நடத்தினோம். ஜனவரி 27 ஆம் நாளையொட்டி அது அமைந்தது. 1945 ஆம் ஆண்டு அந்நாளில்தான் சோவியத் படையினர் போலந்து மண்ணில் நாஜிகள் அமைத்திருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குள் நுழைந்து, அங்கே எஞ்சிக் கிடந்த ஏறத்தாழ 7,000 கைதிகளை விடுவித்தனர். நாஜிகளின் இனப்படுகொலைக்கு ஆளானோரின் நினைவு நாளாக அதனை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 இல் அறிவித்தது. ஓரளவு படம் வரையத் தெரிந்தவன் என்ற காரணத்தால், கண்காட்சிக்குப் பெரிய படம் ஒன்று வரையும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

கோடு போட்ட கைதி உடையணிந்த ஒரு சிறுமியின் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்தேன். தாளில் கட்டம் போட்டு, மூன்று மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து, கரியால் பெரிதாக வரைந்தேன். புகைப்படத்தின் ஓரத்தில் இருந்த எண்ணையும் விடாமல் எழுதினேன். கண்காட்சிக்கு வந்த நண்பர்கள் பலர் அந்தப் படத்தின் முன் நின்று பாராட்டினர். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரும் வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஆனால், இந்தப் பெண்ணை இப்படி உட்கார வைத்தது யார்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அந்தப் பேரழிவில் உயிர் பிழைத்த முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் கதையைக் கேட்டு, அவர்களுடைய உருவப்படத்தை வரைந்து மரியாதை செய்கின்றனர். நல்ல பணிதான். ஆனால் முகத்தை வரைவது எப்படி மரியாதையாகிறது? வரைவதெல்லாம் மரியாதைதானா? இதனை ஆராய மூன்று அளவுகோல்களை வைத்துக் கொள்கிறேன். முதலாவது, படத்தில் இருப்பவர் விரும்பி அமர்ந்தாரா? இரண்டாவது, படத்தில் அவருடைய பெயர் இருக்கிறதா? மூன்றாவது, வரைந்த படம் யாருடைய கைக்குப் போயிற்று?

நான் பார்த்து வரைந்த படம்

முதலில் என் படத்துக்கு மூலமான புகைப்படத்தையே எடுத்துக் கொள்வோம். அச்சிறுமியின் பெயர் செஸ்வாவா குவோகா. போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். 1928 இல் பிறந்தவள். சமோஷ்ச் வட்டாரத்துக் கிராம மக்களை வெளியேற்றி அங்கே ஜெர்மானியரைக் குடியேற்ற நாஜிகள் திட்டமிட்டபோது, 1942 டிசம்பரில் தன் தாயோடு ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு வரப்பட்டாள். அவளுக்கு இடப்பட்ட எண் 26947. 1943 பிப்ரவரியில் தாய் இறந்தாள். மார்ச் 12 ஆம் நாள் மகளும் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 14.

படம் எடுத்தவர் வில்ஹெல்ம் பிராஸ்ஸே என்பவர். அவரும் ஒரு கைதியே. புகைப்படத் தொழில் தெரிந்தவர் என்பதால் முகாமின் அடையாளப் பிரிவில் அவரை வேலைக்கு அமர்த்தினர். ஒவ்வொரு கைதிக்கும் மூன்று நிலைகளில் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்று பக்கவாட்டில், ஒன்று நேராக, ஒன்று தலையில் தொப்பியோ துணியோ அணிந்து சற்றே திரும்பிய நிலையில். பக்கவாட்டுப் படத்தில் தலை அசையாமலிருக்கப் பின்புறம் ஒரு தாங்கி இருக்கும். படத்தின் மூலையில் எண்ணும் கைதியின் வகையும் இருக்கும். பெயர் இராது.

செஸ்வாவாவைப் படம் எடுத்த நாளைப் பிராஸ்ஸே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். அவளுக்கு ஜெர்மன் மொழி புரியவில்லை. தன்னை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று விளங்காமல் திகைத்து நின்றாள். கண்காணிப்பாளப் பெண் கோலால் அவள் முகத்தில் அடித்தாள். சிறுமி அழுதாள். பிறகு கண்ணீரையும் உதட்டில் கசிந்த இரத்தத்தையும் துடைத்துக் கொண்டு படத்துக்கு அமர்ந்தாள்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் உதட்டில் தெரிந்த கருமையை நான் நிழல் என்று எண்ணியிருந்தேன். அழகாக வரவேண்டும் என்று விரல் நுனியால் தேய்த்து மென்மையாக்கியிருந்தேன்! மூன்று மாலை அந்த முகத்தைப் பார்த்தும் அடிபட்ட காயத்தை நான் காணவில்லை.

என் அளவுகோல்களை இங்கே பொருத்திப் பார்த்தால் விடை தெளிவு. அவள் விரும்பி அமரவில்லை. பெயர் இல்லை. படம் போன இடமோ முகாம் அலுவலகக் கோப்பு. நான் அவளுக்கு மரியாதை செய்வதாக எண்ணிக் கொண்டு, அவளை அடைத்து வைத்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பேராசிரியர் கேட்டது இதைத்தான்.

இந்தப் படங்கள் நமக்குக் கிடைத்த வரலாறும் அறியத்தக்கது. 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கி வந்தபோது, எல்லாப் படங்களையும் எரித்துவிடும்படி ஆணை வந்தது. பிராஸ்ஸேயும் உடனிருந்தவர்களும் அவற்றை எரியவிடாமல் காப்பாற்றினர். இன்று ஆஷ்விட்ஸ் நினைவகத்தில் 38,916 அடையாளப் படங்கள் உள்ளன. அவர்கள் காப்பாற்றியிராவிட்டால் செஸ்வாவாவின் முகமே உலகுக்குத் தெரிந்திராது. ஆகவே அப்படம் வேண்டாதது என்று நான் சொல்ல வரவில்லை. அது சான்று. சான்றைச் சான்றாகப் பார்க்க வேண்டும். உருவப்படம் என்று மயங்கக் கூடாது என்பதே என் கருத்து. போருக்குப் பின் பிராஸ்ஸே மீண்டும் தம் தொழிலைத் தொடர முயன்றார், முடியவில்லை. காமிராவை எடுத்தால் முகாமில் கண்ட முகங்களே வந்து நின்றனவாம். 2012 இல் மறையும் வரை அவர் அத்தொழிலுக்குத் திரும்பவேயில்லை.

இன்னொன்றும் நாம் மறக்கலாகாது. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு வரப்பட்டோர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். அவர்களுள் 11 இலட்சம் பேர் மாண்டனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் யூதர். இரயிலைவிட்டு இறங்கியவுடனே நச்சுவாயுக் கூடத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணும் கிடையாது, அடையாளப் படமும் கிடையாது. எண் பெற்றவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேரே. இடது முன்கையில் பச்சை குத்தப்பட்ட அந்த எண், ஒருவர் இன்னும் சில காலம் வேலைக்கு உதவுவார் என்பதற்கான குறி. அத்தகைய குறியைச் சுமந்தபடி உயிர் பிழைத்து முதுமை அடைந்தவர்களையே இன்று மாணவர்கள் வரைகிறார்கள்.

கைதியின் கையில் பென்சில்

முகாமுக்குள்ளேயே உருவப்படம் வரைந்தவர்கள் உண்டு. அவர்களுள் இருவரைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

ஒருவர் பிரான்சிஷெக் யாஸ்வியெட்ஸ்கி. கிராக்கோவ் நகரைச் சேர்ந்த போலந்து ஓவியர். அரசியல் கைதியாக 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸ் வந்தவர். பிறகு வேறு முகாம்களுக்கும் மாற்றப்பட்டவர். போன இடமெல்லாம் உடனிருந்த கைதிகளின் முகங்களைச் சிறு தாள்களில் இரகசியமாக வரைந்தார். வரைந்தவற்றை உடையிலும் படுக்கையிலும் ஒளித்து வைத்தார். அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. விடுதலை பெற்று ஊர் திரும்பி 1946 இல் இறந்து போனார். அவருடைய குடும்பத்தார் அளித்த 113 படங்கள் இன்று ஆஷ்விட்ஸ் நினைவகத்தில் உள்ளன.

அப்படங்களில் என்னைச் சிந்திக்க வைத்தது ஒன்று. வரைந்த ஒவ்வொருவரின் சட்டையிலும் இருந்த எண்ணை அவர் தெளிவாகக் குறித்து வைத்தார். எண்ணைக் கொண்டு பிற்காலத்தில் ஆளைக் கண்டறியலாம் அல்லவா? அவ்வாறே பலருடைய பெயர்கள் பின்னர் கண்டறியப்பட்டன. மனிதனிடமிருந்து பெயரைப் பறிப்பதற்காக முகாம் இட்ட அதே எண், உடன் கைதியின் பென்சிலில் பெயரைத் திரும்பக் கொண்டுவரும் வழியாயிற்று. எண் ஒன்றே. எழுதிய கையும் எழுதிய நோக்கமும் வேறு.

மற்றவர் டினா காட்லீபோவா. 1923 இல் செக் நாட்டு பிர்னோ நகரில் பிறந்த யூதப் பெண், கலை மாணவி. தாயோடு ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு வரப்பட்ட அவர், அங்கிருந்த குழந்தைகள் கொட்டடியின் சுவரில் ஸ்னோ ஒயிட் கதைக் காட்சியை வரைந்தார். அந்தத் திறமை அவரை ஜோசப் மெங்கலே என்னும் முகாம் மருத்துவனின் முன் கொண்டு நிறுத்தியது. ரோமா மக்களை, அதாவது ஜிப்சிகள் என்று நாம் பாடநூல்களில் படித்தவர்களை, 'தாழ்ந்த இனம்' என்று நிறுவ முயன்று கொண்டிருந்தான் அவன். புகைப்படத்தில் அவர்களுடைய தோலின் நிறம் சரியாக வரவில்லையாம்; அதனால் வண்ணத்தில் வரையச் சொன்னான். தம் தாயையும் உயிரோடு விட்டு வைத்தால்தான் வரைவேன் என்று டினா கூறினார். தாயும் பிழைத்தார்.

1944 இல் டினா நீர்வண்ணத்தில் வரைந்தவர்களுள் செலின் என்னும் இளம்பெண்ணும் ஒருத்தி. அண்மையில்தான் தன் குழந்தையைப் பறிகொடுத்தவள். நீலத் துணியைத் தலையில் போர்த்தியவளாக அவளை டினா வரைந்தார். அந்தப் படத்தை வேண்டுமென்றே மெல்ல மெல்ல வரைந்து நாட்களை நீட்டினார். தமக்குக் கிடைத்த ரொட்டியை அவளுக்கும் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் இரவு, ரோமா முகாமில் எஞ்சியிருந்த 4,000 பேருக்கும் மேற்பட்டோர் நச்சுவாயுக் கூடத்தில் கொல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சி என் அளவுகோல்களைச் சற்றே ஆட்டிப் பார்க்கிறது. மெங்கலே கேட்டது இன ஆராய்ச்சிக்கான சான்று. செலின் விரும்பி அமர்ந்தவள் அல்லள். படம் போனதும் கொலைகாரன் கைக்கே. ஆயினும் வரைந்தவளுக்கும் அமர்ந்தவளுக்கும் இடையே அந்தச் சில நாட்களில் வேறொன்று நிகழ்ந்திருக்கிறது. காமிரா நொடியில் வேலையை முடித்துவிடும். கை வரைவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்ள முடியும்; ஒரு துண்டு ரொட்டி கைமாற முடியும். உருவப்படம் மரியாதையாவதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

டினா வரைந்தவற்றுள் ஏழு படங்கள் எஞ்சின. ஆஷ்விட்ஸ் நினைவகத்தில் உள்ளன. போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய டினா, தம் படங்களைத் தம்மிடமே தரும்படி 1970களிலிருந்து கேட்டு வந்தார். உலகுக்குரிய சான்றுகள் அவை. கொலை நடந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றது நினைவகம். டினா 2009 இல் மறைந்தார். படங்கள் அவர் கைக்கு வரவில்லை. படம் யாருக்குரியது என்ற மூன்றாவது கேள்வி எளிதான கேள்வி அன்று என்பதற்கு இவ்வழக்கே சாட்சி.

தெரேசின் வகுப்பறை

மாணவர்களையும் ஓவியத்தையும் சேர்த்துப் பேசும்போது, பிராக் நகருக்கு வடக்கேயுள்ள தெரேசின் கோட்டை ஊரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் அவ்வூரில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். ஏறத்தாழ 88,000 பேர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அங்கே 1942 டிசம்பரில் கொண்டு வரப்பட்டவர் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவிய ஆசிரியை. வியன்னாவில் பிறந்தவர், ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். எடுத்து வர அனுமதிக்கப்பட்ட சிறு அளவுப் பொருள்களுள் தாளும் வண்ணமும் கொண்டு வந்தார். அடைபட்ட சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஓவியம் கற்றுத் தந்தார். கிடைத்த தாளின் பின்புறத்தையும் பயன்படுத்தினர்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தைகள் வரைந்த படத்தில் தங்கள் பெயரை எழுத வேண்டும். சாதாரணமான வகுப்பறைப் பழக்கம்தானே என்று தோன்றலாம். ஆனால் அங்கு அடைபட்ட ஒவ்வொருவரும் அனுப்பீட்டு எண்ணால் குறிக்கப்பட்டவர்கள். அந்த இடத்தில் ஒரு குழந்தை தன் பெயரைத் தன் கையால் எழுதுவது சாதாரணச் செயல் ஆகாது.

1944 அக்டோபரில் பிரீடல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போவதற்கு முன் குழந்தைகளின் படங்களைப் பத்திரப்படுத்தி வைத்தார். போர் முடிந்தபின் வில்லி குரோவாக் என்பவர் இரண்டு பெட்டிகளில் அவற்றைப் பிராக் நகர யூதச் சமூகத்தாரிடம் சேர்ப்பித்தார். ஏறத்தாழ 4,500 படங்கள். இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. ஆனால் பெயர் எழுதப்பட்டிருந்ததால், எந்தப் படம் எந்தக் குழந்தையுடையது என்று இன்றும் சொல்ல முடிகிறது. வியன்னாவிலும் பிராக்கிலும் பிரீடலிடம் பயின்ற எடித் கிராமர், பின்னாளில் அமெரிக்காவில் ஓவியத்தின் வழியே மனநலம் பேணும் துறையை வளர்த்தவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

மாணவர் வரையும்போது நிகழ்வது

இனி, இன்றைய மாணவர் பணிக்கு வருவோம். முகாமின் காமிரா செய்ததையும் ஒரு மாணவர் செய்வதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

காமிராவின் முன் கைதி பேசக் கூடாது. மாணவர் முன் அமரும் முதியவரோ பேசுவதற்காகவே வருகிறார். அவர் பேசி முடித்த பிறகுதான் பென்சில் தாளைத் தொடுகிறது. அவர் எந்த ஊரில் பிறந்தார், வீட்டில் எத்தனை பேர், தாய் என்ன சமைத்தாள் என்பதெல்லாம் தெரிந்த பின் வரையும் முகமும், ஒன்றும் தெரியாமல் வரையும் முகமும் ஒன்றாக இருக்க மாட்டா. என் உதட்டு நிழலே இதற்கு உதாரணம்.

அடுத்தது பார்வை. பதினாறு, பதினெட்டு வயதில் நாம் முதியவர் முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறோம்? வணக்கம் சொல்கிறோம், கடந்து போகிறோம். வரைய அமர்ந்தால் கண்ணிமையின் தொய்வையும், வாயோரத்துக் கோட்டையும், ஒரு கண் மற்றதைவிடச் சற்றே சிறுத்திருப்பதையும் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் அனுமானத்தில் போட்ட கோடு உடனே காட்டிக் கொடுத்துவிடும். அழித்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு எதிரில் இருப்பவர் அனுமதி தருகிறார். அந்த அனுமதியே நமக்குக் கிடைக்கும் பெருமை.

மூன்றாவது, படம் அவருக்கே காட்டப்படுகிறது. நன்றாயிருக்கிறது என்றோ, இது நானில்லை என்றோ சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கையிலுள்ள எண் படத்தில் தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். முள்வேலியையும் புகைபோக்கியையும் பின்னணியில் வரைந்துவிட்டால் படம் உருக்கமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த முதியவர் முகாமில் இருந்தது சில ஆண்டுகளே. அதன்பின் அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். தொழில் செய்திருக்கிறார், மணம் செய்திருக்கிறார், பேரப் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார். அவரை மீண்டும் முள்வேலிக்குள் உட்கார வைத்து வரைய நமக்கு என்ன உரிமை?

கூட்டிப் பார்த்தால், விரும்பி அமர்தல், பெயர், படம் சேரும் இடம் ஆகிய மூன்றும் இங்கே நிறைவேறுகின்றன. அப்போதுதான் வரைதல் மரியாதையாகிறது.

ஏழு உருவப்படங்கள்

இக்கருத்துக்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரிட்டனில் அன்று இளவரசராக இருந்த சார்லஸ், உயிர் பிழைத்தோர் எழுவரின் உருவப்படங்களை ஏழு ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். 2022 ஜனவரியில் அவை பக்கிங்ஹாம் அரண்மனைக் கலைக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஆஷ்விட்ஸ் பெண் கைதிகளின் இசைக்குழுவில் செல்லோ வாசித்ததால் உயிர் தப்பிய அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் அவ்வெழுவருள் ஒருவர். லில்லி எபர்ட் இன்னொருவர்.

லில்லி எபர்ட் ஹங்கேரியில் 1923 இல் பிறந்தவர். 1944 ஜூலையில் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் ஆஷ்விட்ஸ் போய்ச் சேர்ந்தார். தாயும் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இறங்கிய உடனேயே கொல்லப்பட்டனர். லில்லிக்கு A என்ற எழுத்தோடு 10572 என்ற எண் இடப்பட்டது. இரயிலில் வரும்போது தாய் தம் காலணியை மகளுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அதன் குதியில் சிறு பொன் பதக்கம் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. காலணி தேய்ந்த பிறகு, அன்றாடம் கிடைத்த ரொட்டித் துண்டுக்குள் அதனை மறைத்துக் காப்பாற்றினார். விடுதலைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் அணிந்திருந்தார்.

அவரை ஓவியர் இஷ்பெல் மையர்ஸ்கோ வரைந்தார். அடையாளப் பிரிவின் இருக்கையில் ஒரு கைதி அமர்ந்ததையும், தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி ஒருவர் ஓவியர் முன் அமர்ந்ததையும் ஒருங்கே நினைத்துப் பாருங்கள். இரண்டும் அமர்தலே. முன்னது கோப்புக்குப் போயிற்று. பின்னது நாடறியப் பெயரோடு சுவரில் ஏறிற்று. லில்லி எபர்ட் 2024 அக்டோபரில் தமது நூறாவது வயதில் இயற்கை எய்தினார். எழுவருள் இன்னொருவரான ஜிகி ஷிப்பர் 2023 ஜனவரியில் மறைந்தார்.

எனவே காலம் குறைவு. 2024 ஜனவரியில் வெளியான கணக்கின்படி, உயிர் பிழைத்த யூதர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 2,45,000 பேரே இருந்தனர். அவர்களும் பெரும்பாலும் 80 வயதைக் கடந்தவர்கள். போரின்போது சிறு குழந்தைகளாக இருந்தவர்கள். நேரில் அமர்ந்து வரையும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்கே உண்டு.

எதிரில் இல்லாதவரை வரைவது எப்படி?

என்னைப் போன்றோர் உயிர் பிழைத்தவர் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. மாண்டவர்களையோ யாரும் காண முடியாது. அப்படியானால் நாம் வரையவே கூடாதா? கூடும் என்பதே என் விடை. ஆனால் எதைப் பார்த்து வரைகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

மாண்டவர்கள் தாமே விரும்பி எடுத்துக் கொண்ட படங்கள் உள்ளன. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு வரப்பட்ட மக்கள் தங்கள் மூட்டைகளில் வைத்திருந்த குடும்பப் படங்களில் ஏறத்தாழ 2,400 பிற்காலத்தில் கிடைத்தன. திருமணக் கோலம், பள்ளிக் கூட்டம், கைக்குழந்தை, விடுமுறைப் பயணம் என்று எந்த வீட்டிலும் இருக்கக் கூடிய படங்கள் அவை. ஒருவர் தம்மை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று எண்ணினாரோ அந்த முகம் அங்கே இருக்கிறது. அடையாளப் படத்தைவிட அதனைப் பார்த்து வரைவது மேல்.

உயிர் பிழைத்தவர்களின் பேச்சும் பதிவாகியிருக்கிறது. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994 இல் தொடங்கிய நிறுவனம், 50,000 க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிச் சாட்சியங்களை ஒளிப்பதிவாகச் சேர்த்து வைத்திருக்கிறது. பேசும் முகத்தை வரைவது கடினம். நான் முயன்று பார்த்தேன். லில்லி எபர்ட் பேசிய ஒளிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு வரைய அமர்ந்தேன். ஒரு கோடு போடுவதற்குள் முகம் மாறிவிடுகிறது. பேச்சுக்கிடையே புன்னகை செய்கிறார். அடுத்த கணம் புன்னகை போய்விடுகிறது. எந்த முகத்தை வரைவது? பதிவை நிறுத்தி வைத்து வரையலாம் என்று பொத்தானில் விரலை வைத்தேன். தலை அசையாமலிருக்கப் பின்னே வைத்த அந்தத் தாங்கி நினைவுக்கு வந்தது. நிறுத்தவில்லை. என் தாளில் பத்துப் பன்னிரண்டு அரைகுறைக் கோட்டுருவங்கள்தாம் மிஞ்சின. ஒன்றுகூடக் கண்காட்சியில் வைக்கத் தகுந்ததன்று. ஆயினும் என் பழைய படத்தைவிட இவற்றையே நான் மதிக்கிறேன். அவற்றை வரைந்த ஒரு மணி நேரமும் அவர் பேசியதைக் கேட்டுக் கொண்டிருந்தேன்.

முடிவுரை

அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர் என்று தேர்வில் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அறுபது இலட்சம் என்பதும் ஓர் எண்ணே. எண்ணைக் கற்பது வரலாற்றின் ஒரு பாதி. அந்த எண்ணுக்குள் இருக்கும் ஒரு முகத்தையேனும் பெயர் சொல்லி, பொறுமையோடு உற்றுப் பார்ப்பது மறுபாதி. மாணவர்கள் உயிர் பிழைத்தோரின் உருவப்படங்களை வரைவதில் உள்ள கல்வி இதுவே. ஓவியத் திறமை இதில் இரண்டாம் பட்சம். கோணலாக வந்த மூக்கைக் கூட அந்த முதியவர் மன்னித்துவிடுவார். கேளாமல் வரைந்ததை மன்னிப்பாரா என்பது ஐயமே.

கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றிய அன்று, என் படத்தை மன்ற அறை மேசையில் விரித்து வைத்தேன். உதட்டில் நான் தேய்த்து மறைத்த இடத்தில் காயத்தைக் காயமாகவே வரைந்தேன். ஓரத்தில் இருந்த எண்ணை அழித்துவிட எண்ணி ரப்பரை எடுத்தேன். பிறகு யாஸ்வியெட்ஸ்கியை நினைத்து விட்டுவிட்டேன். எண் இருக்கட்டும். அது நடந்ததற்குச் சாட்சி. அதன் கீழே, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்: செஸ்வாவா குவோகா, 1928–1943.

அதன் கீழ் இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'இது முகாம் அலுவலகத்தின் ஆணைப்படி எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது.' பேராசிரியரின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை அவ்வளவே. படம் இப்போது எங்கள் துறை அறையில் இருக்கிறது. பார்க்க வரும் நண்பர்கள் முதலில் பெயரைப் படித்துவிட்டுப் பிறகு முகத்தைப் பார்க்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.